அத்தானுக்குப் பதிவு செய்த நேரம்

ரொறன்ரோ
06.04.2008

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் வீட்டில் எல்லோரும் சுகம். உங்கள் கால் வீக்கம் வற்றிவிட்டதா? அத்தானின் பிரஷர் எப்படி? இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். போனில் கேட்டால் “எல்லாம் சுகம்” என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகிறீர்கள். அதனால்தான் இந்த முறை கடிதம்.

போன கிழமை அத்தானிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். படுத்திருக்கிறார் என்றீர்கள். அதற்கு முந்திய கிழமையும் படுத்திருந்தார். கஜரூபனை உங்கள் வீட்டில் வைத்துப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போய் இரண்டு மாதம். அத்தானுக்கு அவன் தங்கச்சி மகன் மட்டுமல்ல, பிள்ளை மாதிரி என்பது எனக்குத் தெரியும். வன்னியில் நின்றால் இயக்கத்துக்குப் பிடித்துவிடுவார்கள் என்று அவனுடைய தாய் பத்மாவதி அக்கா உங்கள் இருவரையும் நம்பி அனுப்பிய பெடியன், கொழும்புக்கு வந்து மூன்றாம் கிழமையே இப்படியானால் யாருக்குத்தான் தாங்கும்? ஆனால் ஒரு மனிதர் இரண்டு மாதமாக வாய் திறக்காமல் இருப்பது வெறும் கவலை இல்லை அக்கா. அது வருத்தம், நோய். வருத்தத்துக்கு வைத்தியம் இருக்கிறது.

இங்கே கோசலை என்று எங்கள் ஆள் ஒருவர். உளவியலாளர். முறைப்படி லைசன்ஸ் எடுத்து, சண்டையில் அடிபட்டு வந்த எத்தனையோ பேருடன் கதைத்து அவர்களை நடமாட வைத்தவர். நேரில் வரத் தேவையில்லை. கம்ப்யூட்டரில் முகம் பார்த்துக் கதைக்கலாம். அத்தானுக்காகக் கேட்டேன், ஓம் என்றுவிட்டா.

நீங்கள் கல்லு மாதிரி. அம்மாவும் ஐயாவும் போன பிறகு என்னை வளர்த்து, கிளாலிக் கடலால் படகில் கடத்தி, விமானம் ஏற்றும்வரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர். உங்களைப்பற்றி எனக்குப் பயமில்லை. அத்தானை மட்டும் எப்படியாவது அந்தக் கம்ப்யூட்டருக்கு முன்னால் கதிரையில் கொண்டுபோய் இருத்திவிடுங்கள்.

உங்கள் தம்பி,
தில்லைநாதன்


வெள்ளவத்தை
27.04.2008

அன்புத் தம்பி தில்லைக்கு அக்கா எழுதுவது.

நாங்கள் இருக்கிறோம். நீங்களும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். உன் கடிதத்தின் உறை ஒரு பக்கம் பிரித்து மறுபடி ஒட்டப்பட்டிருந்தது. அதனால் எழுதும்போது பார்த்து எழுது.

கால் வீக்கம் அப்படியேதான். கொட்டாஞ்சேனைக்கு இரண்டு பஸ் மாறிப் போய், ஆறு பாடவேளையும் நின்றபடி கணக்குப் படிப்பித்து, திரும்பவும் இரண்டு பஸ். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறங்கி ஏற வேண்டும். வீக்கம் எப்படி வற்றும்? அத்தான் பிரஷருக்குக் குளிசை போடுகிறார். வைத்ததைச் சாப்பிடுகிறார். பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசிக்கிறார். பிறகு ஜன்னலடிக் கதிரை. குறை சொல்ல ஒன்றுமில்லை.

உன் கடிதத்தை அவர் முன்னால் மேசையில் வைத்தேன். வாசித்தார். வாசித்துவிட்டு மடித்து, நான் வைத்த இடத்திலேயே வைத்தார். இருந்தாலும் நீ இவ்வளவு தூரம் ஒழுங்கு செய்திருக்கிறாய். கேட்டுப் பார்க்கிறேன்.

கஜரூபன் விஷயமாக முறைப்பாடு கொடுத்தாயிற்று. அதைப் போனில் கேட்காதே.

அன்புடன்,
அக்கா


ரொறன்ரோ
14.05.2008

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? இங்கே குளிர் விட்டுவிட்டது. எங்களுக்கு ஒரு குறையுமில்லை. காலுக்கு வெந்நீரில் உப்புப் போட்டு வைத்துப் பாருங்கள்.

எல்லாம் சரி. ஜூன் ஏழாம் திகதி தொடக்கம் சனிக்கிழமைகளில், இங்கே காலை ஒன்பது, உங்களுக்குப் பின்னேரம் ஆறரை. காலி வீதியில் கமரா வைத்த கம்ப்யூட்டர் உள்ள கொம்யூனிகேசன் கடை இருக்கும்தானே, அங்கே தனி அறை கேளுங்கள். கோசலை சில விஷயங்களில் கண்டிப்பு. கதைக்கும்போது அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாதாம். அவசரமென்றால் கூப்பிடப் பக்கத்தில் ஒருவருடைய பெயரும் நம்பரும் வேண்டுமாம். ஒரு படிவம் வரும், கதைக்கிறவர்தான் அதில் கையெழுத்து வைக்க வேண்டும். வேறு நாட்டில் இருக்கிறவருடன் கதைக்கலாமா என்று தனக்கு லைசன்ஸ் தந்த சபையிடம் கேட்டு, அனுமதி எடுத்த பிறகுதான் நாள் தந்தா. அப்படிப்பட்ட ஆள்.

அத்தான் மாட்டேன் என்றால் என் பெயரைச் சொல்லுங்கள். என் சொல்லைத் தட்டமாட்டார்.

தில்லை


வெள்ளவத்தை
09.06.2008

அன்புத் தம்பி தில்லைக்கு,

எல்லோரும் நலம்தானே. நானும் அத்தானும் முன்போலத்தான்.

சனிக்கிழமை சந்திப்பு நடந்தது. சவோய் தியேட்டருக்கு இந்தப் பக்கம் பலீலா என்று ஒரு முஸ்லிம் பெண் கொம்யூனிகேசன் வைத்திருக்கிறா. அவவின் மகள் முன்பு என்னிடம் ரியூசன் படித்தவள். பின்னால் சாமான் அடுக்கும் அறை ஒன்று. அதைக் கூட்டி, மேசை போட்டு, கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டுபோய் உள்ளே வைத்துத் தந்தா. “கதவ சாத்திக்கிட்டுப் பேசுங்க டீச்சர். நான் முன்னுக்கு ரேடியோவ ஏத்தி வெக்கிறேன், ஒருத்தருக்கும் கேக்காது” என்றா. எதற்கு, யாருடன் என்று கேட்கவில்லை. அவசரத்துக்குக் கொடுக்க வேண்டிய பெயராக அவவின் பெயரையே எழுதியாயிற்று.

ஐம்பது நிமிஷத்தில் மூன்று முறை லைன் அறுந்தது. பாதி நேரம் “கேக்குதா, கேக்குதா” என்பதிலேயே போய்விட்டது. கோசலை கண்ணாடி போட்ட, மெதுவாகப் பேசுகிற பிள்ளை. பின்னால் ஜன்னலில் ஒரு மரம் தெரிகிறது. முதல் நாள் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லையாம். நித்திரை எப்படி, சாப்பாடு எப்படி, வீட்டில் யார் யார், அவ்வளவுதானாம்.

உடனே மாற்றம் வரும் என்று எதிர்பார்க்காதே.

அக்கா


ரொறன்ரோ
02.07.2008

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் சுகம் எப்படி? பெரியவளுக்குக் காய்ச்சல் வந்து மாறிவிட்டது. மற்றப்படி நலம்.

நான்கு சனிக்கிழமை முடிந்துவிட்டது. அத்தான் ஏதாவது கதைத்தாரா என்று கேட்கலாம் என்று கோசலைக்குப் போன் எடுத்தேன். அவ சொன்னதில் எனக்குக் கொஞ்சம் கோபம்.

“தில்லைநாதன், ஆர் வருகினம், வரேல்லை எண்டதைக்கூட நான் உங்களுக்குச் சொல்லேலாது.”

“நான்தானே ஒழுங்கு செய்தனான்?”

“ஓம், செய்தனீங்கள். அது பெரிய உதவி. ஆனா கதவுக்கு உள்ளுக்கை நடக்கிறது உள்ளுக்கைதான்.”

சட்டம் அப்படியாம். சரி, நீங்களாவது சொல்லுங்கள். முகத்தில் ஏதாவது தெளிவு தெரிகிறதா? உங்களுடன் ஒரு சொல்லாவது கதைக்கிறாரா?

தில்லை


வெள்ளவத்தை
27.07.2008

அன்புத் தம்பிக்கு,

பெரியவளின் காய்ச்சல் திரும்பி வரவில்லையே? கவனமாகப் பார்.

கோசலையைக் குறை சொல்லாதே. அவ சொல்லாமல் இருப்பதால்தான் இங்கே கொஞ்சமாவது வாய் திறக்க முடிகிறது. இன்னொருவர் காதுக்குப் போகும் என்று தெரிந்தால் யார் கதைப்பார்கள்?

போன கிழமை அவ கேட்டது ஒரு சின்னக் கேள்வி. அந்த நேரம் கையில் என்ன இருந்தது என்று. ஐந்து மாதமாக ஒருவரும் அப்படிக் கேட்கவில்லை. எல்லோரும் எத்தனை பேர் வந்தார்கள், என்ன வாகனம் என்றுதான் கேட்டார்கள். கையில் அகப்பை இருந்தது. அதைச் சொன்னதும் அழுகை வந்து, மிச்ச நேரம் முழுவதும் அழுகைதான். அவ லைனை வைக்காமல் அந்தப் பக்கம் அப்படியே இருந்தா. வீட்டுக்கு வந்து ஆறு மணித்தியாலம் நித்திரை கொண்டேன்.

அத்தானும் நன்றாக நித்திரை கொள்கிறார்.

பரீட்சைப் பேப்பர் திருத்த இருக்கிறது. மற்றது பிறகு.

அக்கா


ரொறன்ரோ
17.08.2008

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் நலமா என்று இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

உங்கள் கடைசிக் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். அத்தான் எப்போது அகப்பை பிடித்தார்? அத்தான் அன்றைக்கு வீட்டிலேயே இல்லை என்றுதானே சொன்னீர்கள்? நேற்றுச் சனிக்கிழமை, வேண்டுமென்றே உங்கள் நேரம் ஆறே முக்காலுக்கு வீட்டுக்கு அடித்தேன். அத்தான் எடுத்தார்.

“ஹலோ” என்றார். நல்ல தெளிவான குரல்.

“அத்தான், நீங்கள் கோசலையோடை கதைக்கப் போகேல்லையோ?”

“எந்தக் கோசலை? நான் ஒரு இடமும் போறேல்லை தில்லை. உன்ர அக்காதான் சனிக்கிழமையிலை வெளிக்கிட்டுப் போறா. கோயிலுக்கெண்டு நினைச்சனான்.”

“அத்தான், கஜரூபன் விஷயத்திலை நீங்கள் இப்பிடி மனசை விடக் கூடாது…”

“அதை உன்ர அக்காட்டைக் கேள்.” போனை வைத்துவிட்டார்.

அவரால் கதைக்க முடியும். என்னுடன் கதைத்தார். உங்களுடன் மட்டும்தான் கதைக்கவில்லை. பத்து வாரமாக அந்தக் கதிரையில் இருந்தது நீங்கள். என்னிடம் ஏன் மறைத்தீர்கள்? உங்கள் இரண்டு பேருக்கும் இடையில் என்ன நடந்தது?

பதில் எழுதுங்கள்.

தில்லை


ரொறன்ரோ
21.09.2008

அக்கா,

ஐந்து கிழமையாகிறது. பதினொரு முறை போன் எடுத்துவிட்டேன். மணி அடிக்கிறது, ஒருவரும் எடுக்கவில்லை. ஒருமுறை நீங்கள் எடுத்தீர்கள், என் குரல் கேட்டதும் லைன் நின்றுவிட்டது. அறுந்ததா, வைத்தீர்களா தெரியவில்லை.

நான் கோபத்தில் எழுதியிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். சுகமாக இருக்கிறேன் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

தில்லை


வெள்ளவத்தை
05.10.2008

என் அன்புத் தம்பிக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. எங்கள் பாடசாலைச் சங்கீத ரீச்சர் மகளிடம் கனடா வருகிறா, அவவின் கையில் தருகிறேன். அதனால் எல்லாவற்றையும் எழுதலாம்.

போனை நான்தான் வைத்தேன். உன் குரலைக் கேட்டுக்கொண்டு பொய் சொல்லவும் முடியவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

பெப்ரவரியில் அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தான், கஜரூபனின் பாஸ்போட் விஷயமாகப் பொரளையில் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தார். வெளியூரிலிருந்து வந்து தங்குகிறவர் என்று கஜரூபனைப் பொலிசில் பதியும் படிவம் நிரப்பியபடி அலுமாரி லாச்சிக்குள் கிடந்தது. திங்கட்கிழமை போகலாம் என்று இரண்டு கிழமையாக நான்தான் தள்ளிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டரைக்கு அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். ஒழுங்கையைச் சுற்றிவளைத்திருக்கிறார்கள் என்று தெரிவதற்குள் வாசலில் பொலிஸ்காரர் மூன்று பேர். அதிகாரி வீட்டுப் பதிவை வாங்கிப் பார்த்தார். அதில் இரண்டு பெயர். மேசையில் மூன்றாவதாக ஒருவன்.

“மே கவுத?” இவன் யார் என்று கேட்டார்.

“மம தன்னே நே, மஹத்தயா” என்றேன். எனக்குத் தெரியாது ஐயா. அதோடு விடவில்லை தம்பி. மேல்வீட்டுக்கு யாரையோ தேடி வந்தவன், பசிக்குது என்றான், சோறு போட்டேன் என்றும் சிங்களத்திலேயே சொன்னேன். என் வாய் அவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்று எனக்கே தெரியாது. அவர் அதைக் கொப்பியில் எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கினார். கஜரூபன் கை கழுவிவிட்டு வருகிறேன் என்று சைகை காட்டினான். கழுவ விட்டார்கள். என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

மறுநாள் அத்தான் என் மருமகனைக் காணவில்லை என்று முறைப்பாடு கொடுக்கப் போனார். நான் நடந்ததைச் சொல்லவில்லை. வந்தார்கள், கொண்டுபோனார்கள் என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். அங்கே அந்தக் கொப்பியை எடுத்து வாசித்துக் காட்டி, “உங்கள் மனைவியே தெரியாது என்கிறாவே” என்று சிரித்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து ஒன்றுதான் கேட்டார்.

“நீ சொன்னனியோ?”

“ஓம்.”

அதற்குப் பிறகு என்னுடன் ஒரு சொல்லும் இல்லை. நீ அதை வருத்தம் என்று நினைத்தாய். நானும் நினைக்க விட்டுவிட்டேன்.

முதல் சனிக்கிழமை நான் பலீலாவின் கடைக்குப் போனது, அத்தான் வரமாட்டார் என்று கோசலையிடம் சொல்லிவிட்டு வரத்தான். அவ கேட்டா: “இந்த ஐம்பது நிமிஷமும் இப்ப சும்மாதான் கிடக்கு. நீங்கள் இருக்கப் போறியளோ?” நான் எழும்பவில்லை. அடுத்த கிழமை படிவத்தை என் பெயரில் அனுப்பினா. எட்டுக் கிழமையாக அவவுக்கும் ஒரு கதைதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அத்தானைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன், எங்கள் பெடியன் என்றால் வீட்டுக்காரரையும் கொண்டுபோவார்கள், அவர் எந்த நேரமும் வாசலில் வந்து நின்றிருப்பார் என்று. அவ மறுக்கவில்லை. ஒன்பதாம் கிழமை கேட்டா:

“அந்த நேரம் அவர் எங்கை நிண்டவர்?”

“பொரளையிலை.”

“எத்தினை மணிக்கு வாறதெண்டு சொல்லிப்போட்டுப் போனவர்?”

“நாலு மணிக்கு.”

சொல்லிவிட்டுத்தான் எனக்குக் கேட்டது. வந்தவர்கள் வந்தது பன்னிரண்டரைக்கு. அத்தான் வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். நான் பயந்தது எனக்காக மட்டும். அந்த நேரம் பார்த்து லைன் அறுந்தது. பலீலா வந்து கோர்த்துத் தரும்வரை கறுத்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்ப வந்தபோது கோசலை பரவாயில்லை என்றும் சொல்லவில்லை, பிழை என்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ கிழமை அதையே திருப்பித் திருப்பிக் கதைத்தோம். கடைசியில் நான்தான் சொன்னேன், இதைச் சொல்ல வேண்டிய இடம் பொலிஸ் என்று. என் கையெழுத்து அந்தக் கொப்பியில் இருக்கும்வரை கஜரூபன் யாருக்கும் தெரியாதவன். தெரியாதவனைத் தேடித் தரச் சொல்லி அத்தான் எங்கே போய்க் கேட்டாலும் எடுபடாது. அதற்குக் கோசலை, “அதிலை இருக்கிற ஆபத்தை இஞ்சை இருந்து என்னாலை அளக்கேலாது. ஒரு லோயரைக் காணாமல் ஒண்டும் செய்யாதேங்கோ” என்றா.

பலீலாவின் தம்பி இஸ்ஸதீன் புதுக்கடை நீதிமன்றத்தில் லோயர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “டீச்சர், இது வெளயாட்டில்ல. பொய் சொன்னதுக்கு ஒங்களயும் உள்ள போடலாம். வேலயும் போகலாம். யோசிச்சிட்டு வாங்க” என்றார். யோசித்தேன். அன்றைக்குச் சொன்னது பொய், அவன் எங்கள் பெடியன் என்று சத்தியக்கடதாசி தயாராக இருக்கிறது. நாளைக் காலை கையெழுத்து வைக்கிறேன்.

நேற்று அதை அத்தானிடம் சொன்னேன். ஜன்னலடிக் கதிரையிலிருந்து எழும்பிப் போனார். அறைக்குள் அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. கஜரூபனின் பிறப்புச் சான்றிதழைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, “இது தேவைப்படும்” என்றார்.

தம்பி, நான் கல்லு இல்லை. நீ அப்படி எழுதும்போதெல்லாம் உனக்கு எதையும் சொல்ல முடியாமல் போய்விடுகிறது.

அக்கா


ரொறன்ரோ
09.11.2008

அன்புள்ள அக்காவுக்கு,

சங்கீத ரீச்சர் கடிதத்தை வீடு தேடி வந்து தந்தா. நீங்கள் சுகமாக வெளியில்தான் இருக்கிறீர்களா என்று முதலில் எழுதுங்கள். நேற்று போன் இரண்டாவது மணி அடிப்பதற்குள் அத்தான் எடுத்து, “இருக்கிறா” என்று மட்டும் சொன்னார். எனக்கு அது போதவில்லை.

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். ஏசவும் வரவில்லை, தேற்றவும் வரவில்லை. அந்த வாசலில் நான் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. சொல்லியிருக்கமாட்டேன் என்று இங்கே ஸ்காபரோவில் இருந்துகொண்டு எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உங்களைக் கல்லு என்று சொன்னது உங்களுக்காக இல்லை அக்கா. எனக்காக. நீங்கள் சுகமில்லை என்றால் நான் வந்து நிற்க வேண்டும். வர முடியாது. அதனால் நீங்கள் சுகம் என்று நானே முடிவெடுத்துவிட்டேன். உங்களைக் கேட்கப் பயந்துதான் அத்தானுக்கு என்று ஒழுங்கு செய்தேனோ என்று இப்போது நினைக்கிறேன்.

பத்மாவதி அக்காவுக்கு என்ன சொன்னீர்கள்? கிளிநொச்சியில் இருந்து சனம் எழும்பிப் போகிறது என்று இங்கே செய்தி.

சனிக்கிழமை நேரம் உங்களுடையது. உள்ளே என்ன நடக்கிறது என்று இனிமேல் கேட்கமாட்டேன். இங்கே மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். உங்களுக்கு இனி ஏழரை.

தில்லை


வெள்ளவத்தை
18.01.2009

அன்புத் தம்பி தில்லைக்கு,

பனிக்குள் வேலைக்குப் போய் வருகிறாய், உடம்பைப் பார். நாங்கள் இரண்டு பேரும் நடமாடித் திரிகிறோம். இதைத் தபாலில்தான் போடுகிறேன். யார் பிரித்து வாசித்தாலும் சரி. எல்லாம் சத்தியக்கடதாசியில் இருக்கிறதுதான்.

கையெழுத்து வைத்த பிறகு இரண்டு முறை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். முதல்முறை ஒரு மணித்தியாலம். இரண்டாம்முறை காலையில் போய், இருட்டும்வரை ஒரு வாங்கில் இருத்தி வைத்திருந்தார்கள். இஸ்ஸதீன் வெளியே நின்றார். அத்தானும் நின்றார். பொய்த் தகவல் கொடுத்த வழக்குக்காக மார்ச் மாதம் கோட்டுக்குப் போக வேண்டும். அதிபர் இப்போதைக்கு லீவில் நிற்கச் சொல்லிவிட்டா. பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் யார் எடுக்கிறார்களோ தெரியாது.

டிசம்பரில் செஞ்சிலுவைக்காரர் கொண்டுவந்த பட்டியல் ஒன்றில் அவனுடைய பெயர் இருந்தது. கஜரூபன் உயிருடன் இருக்கிறான் தம்பி. தெற்கே ஒரு தடுப்பு முகாமில். போன சனிக்கிழமை நானும் அத்தானும் போய்ப் பார்த்தோம். அன்றைக்குக் கோசலையிடம் வர முடியாது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன். அவனைக் கண்டால் என்ன சொல்வது என்று எத்தனையோ விதமாக அவவுடன் கதைத்துப் பார்த்துவிட்டுத்தான் போனேன். நடந்தது அதில் ஒன்றுமில்லை.

பதினைந்து நிமிஷம். நடுவில் கம்பி வலை. மெலிந்துவிட்டான். ஒரு காது கேட்கவில்லை, தலையைத் திருப்பித் திருப்பிக் கேட்டான். “மாமா” என்றான் முதலில். பிறகு வலைக்குள்ளால் விரலை விட்டு என் கையைப் பிடித்தான்.

“மாமி, அண்டைக்கு நீங்கள் எவ்வளவு மன்றாடினனீங்கள். எனக்குச் சிங்களம் ஒரு சொல்லும் விளங்கேல்லை. ஆனா எனக்காகத்தான் கதைக்கிறியள் எண்டு விளங்கினது. இதுக்குள்ளை இருக்கேக்கை நெடுக அதைத்தான் நினைச்சுக்கொண்டு கிடந்தனான்.”

பேசாமல் இருந்திருக்கலாம். பதினொரு மாதம் அதைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறான், இன்னும் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகட்டும் என்றும் ஒரு மனம். அத்தான் என்னைப் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இல்லை ராசா. நான் உனக்காகக் கதைக்கேல்லை. உன்னைத் தெரியாதெண்டு சொன்னனான்.”

அவனுக்குக் கேட்கவில்லை. “என்ன மாமி?” என்று மற்றக் காதைத் திருப்பினான். நான் திரும்பச் சொல்ல வேண்டி வந்தது. இந்தமுறை சத்தமாக. காவலுக்கு நின்றவன்கூடத் திரும்பிப் பார்த்தான்.

விரலை எடுத்துவிட்டான். அத்தானைப் பார்த்தான்.

“ஓம்” என்றார் அத்தான். பிறகு, “உன்னைக் கண்டுபிடிக்க எழுதிக் குடுத்ததும் அவதான்” என்றார்.

அவன் “அம்மா?” என்று கேட்டான். பத்மாவதி மச்சாளுக்கு என்ன சொன்னீர்கள் என்று நீ கேட்டிருந்தாய். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் துணிந்தபோது சொல்ல வழியில்லை. கிளிநொச்சி இப்போது சனமில்லாத வெறும் ஊர். கிழக்குப் பக்கம் போன சனத்தோடு போயிருப்பா என்றுதான் நினைக்கிறோம். அதை அத்தான் அவனுக்குச் சொன்னார். மிச்ச நேரம் அதிலேயே போய்விட்டது.

நேரம் முடிந்தது என்று கூப்பிட்டதும் அவன் என்னைப் பார்க்காமல் திரும்பி நடந்தான். நாலு அடி போனவன் திரும்பி வந்தான்.

“மாமி, அடுத்தமுறை வரேக்கை சிங்களம் படிக்கிற புத்தகம் ஒண்டு கொண்டு வாங்கோ. என்ன கதைக்கினம் எண்டு எனக்கும் விளங்க வேணும்.”

அவ்வளவுதான்.

பஸ்ஸில் வரும் வழி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். பாணந்துறை தாண்டியதும் தாங்க முடியாமல் அத்தானிடம் கேட்டேன், “கோவத்திலை சொன்னவனோ?” என்று. அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, “அடுத்தமுறை வரச் சொன்னவன்” என்றார்.

அத்தான் இப்போது என்னுடன் கதைக்கிறார். தேவையானது மட்டும். அதற்கு மேல் கேட்க எனக்கும் தைரியம் இல்லை. கேட்கிற தெம்பும் இல்லை. நேற்று ஏழரைக்குக் கோசலையிடம் இதையெல்லாம் சொன்னேன். லைன் ஒருமுறையும் அறுந்துபோகவில்லை.

புத்தகம் வாங்கியாயிற்று. தமிழ்வழி சிங்களம், எழுத்தும் சொல்லும் முதலிலிருந்து. அடுத்த பார்வை நாள் பெப்ரவரி ஏழு. அத்தான் முன் அறையில் இருந்து அதற்குப் பிரவுண் பேப்பரில் உறை போட்டுக்கொண்டிருக்கிறார். கத்தரிக்கோலைக் கேட்கிறார். போய் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

பிள்ளைகளை என் அன்புடன் விசாரித்ததாகச் சொல்.

அக்கா
பாலேஸ்வரி